புஜைராவில் ஒட்டப்பட்ட ஊர்ப்பெயர்

2005 மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஆறே முக்கால்.

துபாய் தேராவில் புஜைரா வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பங்கு டாக்ஸி. ஆளுக்கு இருபத்தைந்து திர்ஹம், ஏழு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். நான் ஐந்தாவது ஆள். மற்ற இரண்டு பேருக்காக நாற்பது நிமிடம் காத்திருந்தோம். ஓட்டுநர் பெஷாவர் பக்கத்துக்காரர். என் கையிலிருந்த பையையும் கேமராவையும் பார்த்துவிட்டு, புஜைராவில் என்ன வேலை என்று இந்தியில் கேட்டார். கிடங்கில் புட்டிகளைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

“தண்ணிப் புட்டியா, பாய்?”

“அது மாதிரிதான்” என்றேன். அவருடைய வண்டியில் ஒயின் என்ற சொல்லை உச்சரிக்க எனக்குத் தயக்கமாக இருந்தது.

நான் சரக்குச் சர்வேயர். நம் ஊரில் இதைச் சொன்னால் சங்கிலி பிடித்து நிலம் அளப்பவன் என்று நினைப்பார்கள். என் வேலை கப்பல் சரக்கைப் பார்ப்பது. வந்த பொருள் காகிதத்தில் எழுதியிருக்கும் பொருள்தானா, நனைந்ததா, உடைந்ததா, குறைந்ததா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்த ஊர் தூத்துக்குடி. அரிசி, உரம், டயர் என்று பார்த்துக்கொண்டிருந்தவன் தலையில் மூன்று வருடமாக ஒயினும் விழுந்திருந்தது. நான் குடிப்பதில்லை. ஆனால் புட்டியின் லேபிளைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்கும் அதற்குப் பொறுமை இல்லை.

விஷயம் இதுதான். புஜைராவுக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலுக்கு, கரையில் இருக்கும் ஒரு சப்ளை கம்பெனி பிரான்சில் பேர்போன பொர்தோ வட்டாரத்து ஒயின் என்று சொல்லி முந்நூறு பெட்டி கொடுத்திருந்தது. கப்பலில் ஓர் அதிகாரி பிரெஞ்சுக்காரர். ஒரே ஒரு புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தவர், இது பொர்தோ இல்லை என்று சொல்லி மொத்தத்தையும் படகில் திருப்பி அனுப்பிவிட்டார். உண்மை என்ன என்று பார்த்து எழுதித் தரும்படி கப்பல்காரர்கள் எங்களைக் கேட்டிருந்தார்கள்.

புஜைரா துபாயிலிருந்து ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீட்டர். சார்ஜாவைத் தாண்டி தைத் வரைக்கும் செம்மணல். அங்கங்கே வேலிக்குள் ஒட்டகங்கள். மசாஃபியில் மலை தொடங்குகிறது. புல் பூண்டு இல்லாத, எரிந்து தணிந்த கரி போன்ற மலை. சாலையோரக் கடைகளில் கம்பளங்களும் மண்சாடிகளும் அடுக்கியிருந்தார்கள். ஓட்டுநர் அங்கே பத்து நிமிடம் நிறுத்தினார். ஒரு திர்ஹத்துக்குத் தேநீர். மலை இறங்கியதும் திடீரென்று கடல் தெரிந்தது. அதில் அசையாமல் நிற்கும் கப்பல்களை எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

காலை ஒன்பதே முக்கால். கிடங்கு துறைமுகச் சாலைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. குளிரூட்டி ஓடும் ஒரு சிறிய அறை அலுவலகத்துக்கு. புட்டிகளுக்கு இரண்டு மின்விசிறி. ஒயினை இந்த வெப்பத்தில் வைப்பதே தப்பு என்று முதல் வரியாகக் குறித்துக்கொண்டேன்.

ஸ்டோர் கீப்பர் கதவைத் திறந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, நீலச் சட்டை, பையில் மூன்று பேனா. ஆங்கிலத்தில் தொடங்கியவர், என் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் முகம் மாறினார்.

“சார் தமிழா?”

“தூத்துக்குடி.”

“அடடே! நாம வெளாத்திகுளம் பக்கம் சார். பேரு மாரியப்பன். இங்க வந்து பதினோரு வருசம் ஆச்சு. இந்த ஸ்டோருக்கு நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர்கூட வந்ததில்ல.”

அதற்குப் பிறகு அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். அவர் பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்தார், வெளிச்சம் பிடித்தார், எழுதுவதற்கு ஒரு மேசையைத் துடைத்துக் கொடுத்தார்.

படிப்பவர்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பிரான்சில் ஊர்ப்பெயரை யார் வேண்டுமானாலும் புட்டியில் எழுதிவிட முடியாது. எந்த எல்லைக்குள் விளைந்த திராட்சை, என்ன ரகம், ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு மகசூல், ஆல்கஹால் குறைந்தது எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகச் சட்டம் உண்டு. எல்லாம் பொருந்தினால் ‘அப்பலாசியோன்’, ‘கோன்ட்ரோலே’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் ஊர்ப்பெயரை அச்சிடலாம். அந்த உரிமை இல்லாத ஒயின்களில் கடைசிப் படியில் இருப்பதை மேசை ஒயின் என்கிறார்கள். அதன் லேபிளில் விளைந்த வருடம் கூடாது, திராட்சை ரகம் கூடாது, வட்டாரப் பெயர் கூடாது. புட்டியில் அடைத்தவரின் முகவரி கட்டாயம். ஆனால் அவர் குடியிருக்கும் ஊரே ஒயினுக்குப் பேர்போன ஊராக இருந்தால் அந்தப் பெயரையும் எழுதக் கூடாது, அஞ்சல் எண் மட்டும்தான். பிரான்சுக்குள் விற்பதற்காக அடைத்த புட்டியென்றால் கழுத்தை மூடிய உறையின் உச்சியில் வரி முத்திரை ஒன்றும் இருக்கும். ஊர்ப்பெயர் உரிமையுள்ள ஒயினுக்கு அது பச்சை. மேசை ஒயினுக்கு நீலம்.

என் முன்னால் இருந்த புட்டியில் பொர்தோ என்று பெரிய எழுத்தில் இருந்தது. 2002 என்று வருடம் இருந்தது. பன்னிரண்டரை சதவீதம் என்று இருந்தது. உச்சியில் இருந்த முத்திரை நீலம்.

பிரெஞ்சு அதிகாரி பார்த்தது இதைத்தான்.

தக்கையை இழுத்தேன். அதில் வருடம் இல்லை, ஊர் இல்லை. ஐந்து இலக்க அஞ்சல் எண் மட்டும். ஒரு வாளித் தண்ணீரில் புட்டியை நிறுத்தி வைத்தேன். ஆறாவது நிமிடம் லேபிள் வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்கு அடியில் கண்ணாடியில் பழைய பசையின் தடம், இன்னும் உயரமான, ஓரம் வளைந்த வேறொரு லேபிளின் தடம், தெளிவாகத் தெரிந்தது. பன்னிரண்டு பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அப்படியே.

மாரியப்பன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நல்லாத்தான சார் ஒட்டியிருக்கு?” என்றார். “ஒண்ணுகூட கோணல் கிடையாது. ஒரு புட்டி படுக்கிற அளவுக்குப் பலகையில குழி வெட்டி, கோடு போட்டு ஒட்டுனேன்.”

லேபிளை ஒட்டியது இவர்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பன்னிரண்டரைக்கு அவருடைய அறையில் சாப்பிட்டோம். கிடங்குச் சுவரை ஒட்டிய ஓர் அறை. சோறு, தக்காளிக் குழம்பு, பொரித்த அப்பளம். என் தட்டில் அப்பளத்தை வைத்துக்கொண்டே அவர் சொன்னார்.

“கண்டெய்னர்ல தண்ணி எறங்கி லேபிளு உரிஞ்சுபோச்சு, புதுசு ஒட்டணும்னு மேனேஜர் சொன்னாரு. எனக்கு உரிஞ்ச மாதிரித் தெரியல. சரி, அவுக சொல்றாக. நானும் ரெண்டு பேரும் எட்டு நாளு ஒட்டுனோம். அவிங்க ரெண்டு பேரும் இப்ப லீவுல ஊருக்குப் போயிட்டாங்க. ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துச்சு சார். பழசுல பதினொண்ணுன்னு நம்பர் இருந்துச்சு. புதுசுல பன்னண்டரைன்னு இருக்கு. எழுத்து எனக்குத் தெரியாது, நம்பர் தெரியும்ல. மேனேஜர்ட்டக் கேட்டேன். ‘கலாஸ், முடிஞ்சது, வேலையப் பாரு’ன்னுட்டாரு. அந்த நம்பர் மாறுனது தப்பா சார்?”

“தப்புதான் அண்ணாச்சி.”

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். நான் நோட்டை எடுத்துக் குறித்தேன். அவர் அதைப் பார்த்தார்.

“என் பேரையும் எழுதுறியளா?”

“யாரு சொன்னதுன்னு எழுதணுமே.”

“எழுதுங்க, எழுதுங்க. பொய்யா சொல்லிட்டேன்?” என்று சிரித்தார்.

இரண்டு மணிக்கு மேனேஜர் வந்தார். நல்ல உடை, அமைதியான குரல். லேபிள் நனைந்து கெட்டுவிட்டது, அதனால் மாற்றினோம் என்றார். புதிய லேபிளை யார் அச்சடிக்கச் சொன்னது என்று கேட்டேன். “ஸ்டோரிலிருந்துதான் கேட்டார்கள்” என்றார் இந்தியில். மாரியப்பன் நாலடி தள்ளி, கதவருகே நின்றிருந்தார். அவருக்கு இந்தி நன்றாகத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேனேஜர் சொன்னதையும் எழுதிக்கொண்டேன்.

மாதிரிக்கு ஒரு புட்டிகூட எடுத்து வரவில்லை. தைத் சார்ஜாவைச் சேர்ந்தது. சார்ஜாவில் மதுவுக்குத் தடை; அந்த எல்லைக்குள் மதுப் புட்டியோடு பங்கு டாக்ஸியில் போக முடியாது. கழற்றிய லேபிள்களைச் செய்தித்தாளுக்குள் காயவைத்து மடித்துப் பையில் வைத்தேன். மூன்றேகால் வண்டி. மாரியப்பன் சாலைவரை வந்து வழியனுப்பினார். ஊருக்குப் போனால் விளாத்திகுளத்தில் இறங்கி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள் என்றார்.

அறிக்கை நாலு பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் எழுதினேன்: ஸ்டோர் கீப்பர் திரு. மாரியப்பன், மேனேஜர் சொன்னதன் பேரில் தாமே லேபிள்களை மாற்றியதாகவும், ஆல்கஹால் சதவீதம் வேறாக இருந்ததைத் தாம் கவனித்ததாகவும் தெரிவித்தார். என் மேலதிகாரி இந்த வரியை அடிக்கோடிட்டு, நல்ல வேலை என்றார். நீல முத்திரை இருந்தது, தக்கை இருந்தது, பசைத் தடத்தின் படங்கள் இருந்தன. அந்த வரி இல்லாமலேயே அறிக்கை நின்றிருக்கும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். வேலை முழுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஜூலையில் செய்தி வந்தது. சப்ளை கம்பெனி கப்பல்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தது. கம்பெனிக்குத் தெரியாமல் ஸ்டோர் கீப்பரே லேபிளை மாற்றி மோசடி செய்துவிட்டார் என்று போலீசில் புகாரும் கொடுத்திருந்தது. மாரியப்பனைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். புதிய லேபிள் கேட்டு எழுதிய தாளில் மாரியப்பனின் கையெழுத்து இருந்ததாம். ஸ்டோருக்கு எது வந்தாலும் போனாலும் அவர் கையெழுத்து இருக்கத்தானே செய்யும். கூடவே என் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். தாமே மாற்றினார், தெரிந்தே மாற்றினார். மேனேஜர் சொன்னார் என்பதற்குச் சாட்சி கிடையாது.

“நம்ம வேலை முடிஞ்சது. அதுல தலையிடாதே” என்றார் என் மேலதிகாரி.

ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் என்று விடுப்புச் சொல்லிவிட்டு மறுபடியும் புஜைராவுக்குப் போனேன். அதே இருபத்தைந்து திர்ஹம், வேறு ஓட்டுநர். வண்டியின் கண்ணாடியைத் தொட முடியவில்லை. மசாஃபியில் யாரும் இறங்கவில்லை. வழியெல்லாம் நான் சொல்லப் போவதை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன்.

காவல் நிலையத்தில் என்னை மரியாதையாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதிகாரி இளைஞர், நல்ல ஆங்கிலம். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு மூன்றே கேள்வி கேட்டார்.

மேனேஜர் உத்தரவிட்டதை நீங்கள் பார்த்தீர்களா? இல்லை.

கேட்டீர்களா? இல்லை.

உங்களுக்கு யார் சொன்னது? மாரியப்பன்.

“அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்” என்றார். அரபியில் நாலு வரி எழுதினார். நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். கூட வேலை செய்த இரண்டு பேர் இந்தியாவில் இருக்கிறார்களே என்றேன். அவர்கள் வந்தால் விசாரிக்கலாம் என்றார். அவர்களுடைய விசாவைக் கம்பெனி ஜூனிலேயே ரத்து செய்திருந்தது.

மாரியப்பனைப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிடப் போனவர், பாதியில் கையை இறக்கிவிட்டார்.

“சாப்பாடெல்லாம் குடுக்கிறாங்க சார். அடி கிடி ஒண்ணும் இல்ல” என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

“அண்ணாச்சி, நான் மேனேஜர் சொன்னார்னுதான் எழுதுனேன்.”

“வாசிச்சுக் காமிச்சாங்க. சரியாத்தான் எழுதியிருக்கிய. ஒரு வார்த்தை தப்பில்ல.” பிறகு, “நம்ம ஊரு ஆளுன்னுதான் உங்கள்ட்ட அதச் சொன்னேன். ஆபீசருக்குன்னு நெனச்சா சொல்லியிருக்க மாட்டேன்” என்றார்.

கோபம் இல்லை அவர் குரலில். இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நேரம் முடியப் போகும்போது ஓர் எண்ணைச் சொன்னார். ஊரில் அவர் மனைவி இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தொலைபேசி.

“வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பேசுவேன். அஞ்சு வாரம் ஆச்சு. பேச்சியம்மா பயந்துருப்பா. ஜெயிலுன்னு மட்டும் சொல்லிராதிய. பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா படிப்பை விட்டுரும். கம்பெனில கப்பல் டூட்டிக்கு அனுப்பிட்டாங்க, கப்பல்ல போன் மாஃபி, பேச முடியாது, மூணு மாசம் ஆகும்னு சொல்லிருங்க சார்.”

பகல் ஒன்றரை மணி. கடற்கரைச் சாலையில் ஒரு தொலைபேசிக் கூண்டு. முப்பது திர்ஹம் அட்டை. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டு வருவதற்குள் ஏழு நிமிடம் ஓடிவிட்டது. மூச்சு வாங்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

“யாரு? அவுகளுக்கு ஒண்ணும் இல்லையே?”

நான் அவர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். கப்பல் டூட்டி, மூன்று மாதம், நல்லா இருக்காரு.

“கப்பலு பேரு என்னங்க?”

இதை நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. கூண்டுக்கு வெளியே கடல் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. நிற்கும் கப்பல்களின் பெயர் அத்தனை தூரத்தில் தெரியாது. என் தங்கையின் பெயர்தான் வாயில் வந்தது.

“மாலதி ஸ்டார்.”

“இருங்க, பென்சிலு எடுத்துக்கிடுதேன். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க.”

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் அதைத் திருப்பிப் படித்துக் காட்டினாள். சரியாக இருந்தது.

மாரியப்பனுக்கு மூன்று மாதம் சிறை, பிறகு நாட்டைவிட்டு அனுப்புவது என்று தீர்ப்பானதை ஒரு கிளியரிங் ஏஜெண்டு மூலம் தெரிந்துகொண்டேன். ஐப்பசியில் ஊருக்கு வந்துவிட்டாராம். அந்தக் கம்பெனி அதே இடத்தில் நடக்கிறது.

2006 ஜனவரியில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். அருப்புக்கோட்டையில் இருக்கும் மாமனார் வீட்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து பஸ் விளாத்திகுளம் வழியாகத்தான் போகும். முதல் தடவை போகும்போது இறங்கவில்லை. திரும்பி வரும்போது இறங்கினேன். பகல் பதினொன்றரை. அவர் சொன்னபடியே முதலில் கேட்ட ஆளே வீட்டைக் காட்டினார்.

மாரியப்பன் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமாகியிருந்தது. பேச்சியம்மாள் நார்க்கட்டிலைத் தட்டிப் போட்டாள். நான் பெயரைச் சொல்லவில்லை; துபாயிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“கப்பல் பேரு சொன்னது நீங்கதான? குரலு தெரியுது.”

ஆமாம் என்றேன். உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை வைத்துவிட்டு, தூணில் சாய்ந்து நின்றபடி சொன்னாள்.

“எங்க சின்னம்மா மகன் தூத்துக்குடி ஆர்பர்ல வேலை பாக்கான். எழுதி வச்ச பேரக் குடுத்து, இந்தக் கப்பலு எங்க நிக்குதுன்னு விசாரிக்கச் சொன்னேன். ரெண்டு நாளு கழிச்சு வந்தான். அப்படி ஒரு கப்பலே இல்லக்கான்னான். நல்லாப் பாருடான்னு திருப்பி அனுப்புனேன். கம்ப்யூட்டர்லயும் இல்லன்னுட்டான். எனக்கு வெளங்கல. இல்லாத கப்பலு எப்படி இருந்துச்சு? பெறவு நானே நெனச்சுக்கிட்டேன், முங்கிப்போச்சு, அதான் பேர எடுத்துட்டாங்கன்னு.”

நான் டம்ளரைக் கையில் எடுத்துவிட்டு மறுபடியும் கீழே வைத்தேன்.

“யார்ட்டயும் சொல்லல. மகளுக்கும் சொல்லல. ஒன்றர மாசம். தலைக்கு எண்ண வைக்கல, ஒரு வாய் ஒழுங்காத் தின்னல. எப்ப வந்து சொல்லுவாங்கன்னு ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நா மத்தியானம் அவுகளே ஒரு கேரி பேக்கோட வாசல்ல நிக்காக. நான் கத்துன கத்துல தெருவே கூடிருச்சு.”

“அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார்” என்றேன். என் காதுக்கே அது நன்றாக இல்லை.

“அவுகளும் சொன்னாக. உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. நல்லதுக்குத்தான் சொன்னிய.” டம்ளரில் ஆடை படிந்திருந்ததைப் பார்த்து, சூடு பண்ணிக் கொண்டுவருகிறேன் என்று கையில் எடுத்தாள். உள்ளே திரும்பியவள் நின்றாள். “ஆனா ஜெயில்ல இருக்காகன்னு சொல்லியிருந்தா, நான் சோறு தின்னுருப்பேன் சார்.”

ஒன்றேகாலுக்குத் தூத்துக்குடி பஸ் வந்தது. டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலு நாள் கழித்து நான் துபாய்க்குத் திரும்ப வேண்டும். திரும்பிய மறுநாளே ஜெபல் அலித் துறைமுகத்தில் எனக்காக ஒரு கண்டெய்னர் ஒயின் காத்திருந்தது.